ஷேக்கர் தொட்டியின் தாளம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு 'உருண்டை' என்று பேர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் உருண்டை. அது அவளுக்கும் தெரியும். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான். ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்துவருவது உருண்டை பிடிப்பது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத உருண்டை. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் முகப்பவுடர் என்றுதான் நினைப்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் யாரோ கோலிக்குண்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டது தெரியும்.

ஒவ்வொரு உருண்டையும் ஒரு பொட்டலம். தையல் போட்டால் தானே கரைந்துபோகும் நூல் இருக்கிறதே, அந்த ஜாதிப் பாலிமருக்குள் மருந்தை வைத்துக் கட்டிய பொட்டலம். ஊசி வழியாகச் சதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பாலிமர் நாளுக்கு நாள் கரையும். உள்ளே இருக்கும் மருந்து இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று ஒரு மாதம் முழுக்க வெளியே வரும். ஒரு ஊசி போட்டுக்கொண்டால் ஒரு மாதத்துக்கு மாத்திரைப் பேச்சே கிடையாது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களைக் கேட்டால் மூக்கால் அழுவார்கள்.

உருண்டை அழுகிற ரகமில்லை. தன் கைமேல் அவளுக்கு அசாத்திய நம்பிக்கை. கலக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே வேகம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். மருந்தும் பாலிமரும் கரைந்த கரைசலைத் தண்ணீரில் சொட்டவிட்டுக் கலக்கும்போது தண்ணீர் பாலாக வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து, "வந்துடும், விடுங்க" என்பாள். பெரும்பாலும் வந்தும்விடும். வராத நாட்களில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். உயிர் மேல் ஆசை எல்லோருக்கும் உண்டுதானே.

அவளுக்கு ஒரே தம்பி. வேறொரு ஊரில் இருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு அவன்தான் ரெஃப்ரி. அதனால் அவனுக்கும் ஒரு பேர் ஒட்டிக்கொண்டது: விசில். படிக்கிற வயதில் அவனுக்கு ஒரு நோய் வந்தது. பக்கத்தில் ஆளே இல்லாதபோது பேச்சுக்குரல் கேட்கும். அந்தக் குரல்கள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாது. ஏதேதோ மருந்தெல்லாம் பார்த்து, கடைசியில் ஒன்று ஒத்துக்கொண்டது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் நம் எல்லோரையும்விடத் தெளிவு. வில்லங்கமும் அங்கேதான் இருந்தது. தெளிவாக இருக்கும்போது, எனக்கு எதற்கு மாத்திரை என்று தோன்றும். ஒரு வாரம் விடுவான். அப்புறம் ஆஸ்பத்திரி, கட்டில், ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வேறு மருந்துகளில் மாத ஊசி வந்திருந்தது. அவனுக்கு ஒத்துக்கொண்ட மருந்தில் வரவில்லை. உருண்டை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அந்த மருந்தோடுதான்.

ஊசி வரும்வரை ஃபோன். தினமும் மத்தியானம் அவனைக் கூப்பிடுவாள். முதல் கேள்வி, மாத்திரை போட்டியா. அவன் ஆமாம் என்றால் இரண்டாவது கேள்வி, நிஜமா. வேறு பேச்சு கிடையாது. முதல் கேள்விக்கு அவன் "மஞ்சள் கார்டு" என்பான். இரண்டாவதற்கு "ரெண்டாவது மஞ்சள், அதனால ரெட் கார்டு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒருநாள் மட்டும் அவன், நீ எனக்கு அக்காவா இல்லை அலாரமா என்று கேட்டுவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு புரண்டாள். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டு, மாத்திரை போட்டியா என்று கேட்டாள். கேட்காமல் இருந்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

உருண்டைகளிலோ ஒரு பிடிவாதக் கோளாறு. ஊசி போட்ட முதல் நாளே மூன்றில் ஒரு பங்கு மருந்து குபுக்கென்று பொத்துக்கொண்டு வந்துவிடும். மீதி, மாதக் கடைசிக்குப் போதாது. இதை எலியிடம் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆய்வகத்தின் ஒரு மூலையில் ஷேக்கர் தொட்டி என்று ஒன்று இருந்தது. உடம்புச் சூட்டில் வெந்நீர், அதற்குள் வரிசையாகக் கிளிப்புகள், கிளிப்புகளில் கண்ணாடிக் குடுவைகள். குடுவையில் உருண்டைகளைப் போட்டு இரவும் பகலும் ஆட்டிக்கொண்டே இருந்தால் எவ்வளவு மருந்து வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதல் நாளே பொத்துக்கொண்டது. அவள் தம்பியை நினைத்துப் பார்ப்பாள். முதல் நாள் விசில் ஊத வாய் எழாமல் தூங்கி வழிவான், கடைசி வாரம் குரல்கள் திரும்பி வந்துவிடும். இந்த ஊசியையா அவனுக்குக் கொடுப்பது?

முதலாளியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல மனுஷிதான், ஆனால் கம்பெனி நடத்தவேண்டுமே. மாதக் கடைசிக்குள் பொத்துக்கொள்வதை அடக்கிக் காட்டுங்கள், நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கேட்கலாம், இல்லாவிட்டால் இந்த அறையைக் கண்சொட்டு மருந்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

உருண்டை அசரவில்லை. அடுத்த பேட்ச் வரும் பாருங்கள் என்றாள். வந்தது! முதல் நாள் சொட்டுச் சொட்டாக, இரண்டாம் நாள் சொட்டுச் சொட்டாக, வாரம் முழுக்க அளந்து ஊற்றியது போல் மருந்து வெளியே வந்தது. ஆய்வகமே கைதட்டியது. அவள் அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே தரப் பரிசோதனை அதிகாரியிடம் போனாள். அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பேர் வைத்தவளே அவள்தான்.

முட்டுக்கட்டை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். ஏன் நல்லா வந்துச்சு?"

"நல்லா வந்ததுக்கும் காரணம் கேப்பீங்களா சார்?"

"கெட்டுப்போனா மட்டும் கேட்டா அது பாரபட்சம் ஆயிடும்ல."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பாள். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. மறுபடி செய்து காட்டமுடியாத மருந்து மருந்தே இல்லை. சரி, நாளைக்கே செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தாள். அதே கரைசல், அதே வேகம், அதே குளிர்ந்த தண்ணீரில் அலசல். முதல் நாளே பொத்துக்கொண்டது. இன்னொரு தடவை செய்தாள். இன்னும் மோசம். ஆய்வகத்தில் ஒருவரும் அவள் கண்ணில் படவில்லை.

அப்புறம்தான் அவள் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தாள். நல்ல பேட்ச்சையும் கெட்ட பேட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கெட்ட உருண்டையின் தோலெல்லாம் ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடித் துளைகள். நல்ல உருண்டையின் தோல் வழுவழுவென்று இருந்தது. துளைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. எதனால் மூடும்? அலசிக் காய்ந்த பிறகு இளகாத இந்தப் பாலிமர், செய்த ஈரத்தோடு கொஞ்சம் சூடு பட்டால் இளகும், இளகினால் துளை தானே அடைந்துகொள்ளும். ஆக, அந்த பேட்ச் எங்கேயோ சூட்டில் இருந்திருக்கிறது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஆய்வகத்தில் உருண்டைகளைச் சூட்டில் வைக்க ஒருவரும் துணியமாட்டார்கள். அவளே போட்ட சட்டம் அது. செய்த கையோடு குளிர்ந்த தண்ணீர், அலசுவதும் குளிர்ந்த தண்ணீரில், இதில் மாற்றமே கூடாது. சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருப்படாமல் போகும். இருந்தாலும் தன் சட்டத்தைத் தானே மீறி, ஒரு குடுவையை உடம்புச் சூட்டு வெந்நீரில் இறக்கி வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் எடுத்தால் அடியில் ஒரே கட்டி. கரண்டியால் இடித்தாலும் பிரியவில்லை. முட்டுக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இதை ஊசியில் ஏற்ற முடியாது, சோப்பாக விற்கலாம் என்றார். அவள் சிரிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் தாழ்வாரத்து ஜன்னலருகே நின்று தம்பியைக் கூப்பிட்டாள். ஆய்வகத்துக்குள் ஃபோன் பேசக்கூடாது என்பதால் எப்போதும் பேசுவது அந்த ஜன்னலருகேதான். சாப்பிட்டாயா, ஆட்டம் உண்டா என்று ஏதோ கேட்டாள்.

"என்னக்கா, இன்னும் கேக்கல? கார்ட கையில வெச்சிட்டு உக்காந்திருக்கேன்."

அவளுக்கு அன்றைக்கு அதைக் கேட்கக்கூடத் தெம்பில்லை. முதல்முறையாகத் தன் கஷ்டத்தை அவனிடம் கொட்டினாள். உனக்காகத்தான் இந்த உருண்டை என்று சொல்லவில்லை. அது அவனுக்கே தெரியும். ஒரே ஒரு பேட்ச் நன்றாக வந்ததையும், அது எங்கே சூடுபட்டது என்று தெரியாமல் முழிப்பதையும், இன்னும் சில நாளில் அறையே கைவிட்டுப் போகப்போவதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். ரெஃப்ரி இல்லையா, எந்த ஆட்டம் எந்த நாள் என்று சரியாகத் தெரியவேண்டும் அவனுக்கு. அந்த நல்ல பேட்ச் என்றைக்குச் செய்தாய் என்று கேட்டான். அவள் சொன்னாள். காலையிலிருந்து நீ ஃபோனை எடுக்காமல் இருந்து, கடைசியில் நீயே கூப்பிட்டு, வழக்கம்போல் ரெட் கார்டு காட்டினாயே, அன்றைக்குத்தான் என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். சொன்னா மாத்திரை போட்டியான்னு கேக்கக்கூடாது."

"கேக்கல. சொல்லு."

"அன்னைக்கு நீ பேசறப்போ பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. கடக், கடக்னு ஒரே சீரா, கண்ணாடி தட்டற மாதிரி. நீ பேசறப்போ அப்படி எப்பவும் கேட்டதில்ல. எனக்குள்ள கேக்குதா, ஃபோன்ல கேக்குதான்னு புரியல. மாத்திரை ஒழுங்காத்தான் போட்டிருந்தேன். பயந்துட்டேன்க்கா. அதான் சட்டுனு கார்டு காட்டி ஃபோன வெச்சேன்."

கடக், கடக். அவளுக்குத் தெரியாத சத்தமா அது? அன்றைக்கு நடந்தது ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தது. செய்து முடித்த பேட்ச்சைக் குடுவையோடு கையில் பிடித்துக்கொண்டு அலசப் போய்க்கொண்டிருந்தாள். காலையெல்லாம் எடுக்காத தம்பியிடமிருந்து ஃபோன். அதை எடுக்கும் அவசரத்தில் தாழ்வாரம், சட்டம் எல்லாம் மறந்துபோனது. ஒரு கையால் ஃபோனை எடுத்து, மறு கையில் இருந்த குடுவையைப் பக்கத்தில் எங்கேயோ செருகினாள். மேஜை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அவன் பட்டென்று வைத்ததும் மனது கெட்டுப்போய், முதலாளியம்மா கூப்பிட்டனுப்ப அப்படியே போய்விட்டாள். கூட்டம் முடிந்து திரும்பிவந்து, யாரோ தொட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்த குடுவையை அலசியது சாயங்காலம்.

ஃபோனை வைக்காமலே ஆய்வகத்துக்குள் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் முட்டுக்கட்டை கையை நீட்டி மறித்து, ஃபோனை வெளியே வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

"சாட்சி விசாரணை நடக்குது சார், வழி விடுங்க."

ஷேக்கர் தொட்டியின் சுவிட்சைப் போட்டாள். கிளிப்பில் மாட்டிய குடுவைகள் ஒன்றையொன்று இடித்தபடி ஆட ஆரம்பித்தன. ஃபோனை அதனருகே நீட்டிப் பிடித்தாள்.

"இதுவா பாரு."



"இதேதான்."

"டேய், அது நிஜம்டா. உனக்குள்ள இல்ல. என் பக்கத்துல இருந்துச்சு."

அவன் அழுதானா சிரித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னான். மறுபடி ஆரம்பித்துவிட்டதோ என்று ஒவ்வொரு ராத்திரியும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தானாம். ஃபிரிட்ஜ் சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தானாம்.

உருண்டையின் ரகசியம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது தன் மேலேயே ஆத்திரம். ஒரு சத்தம் கேட்டது, பயமாக இருந்தது என்று தம்பி அக்காவிடம் சொல்லமுடியாதபடி அவள்தானே வாயை அடைத்து வைத்திருந்தாள். மாத்திரை போட்டியா, நிஜமா. போட்டவனும் போட்டேன் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை என்றால் அப்புறம் எதைத்தான் சொல்வான்? இனிமேல் கேட்கமாட்டேன், உனக்குத் தோன்றினால் நீயே சொல் என்றாள். அவன் நம்பவில்லை. பார்க்கலாம் என்றான்.

முட்டுக்கட்டை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போது பழைய தெம்பு வந்துவிட்டது. சூடு மட்டும் போதாது சார், ஆட்டமும் வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். சும்மா வைத்தால் ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது, ஆடிக்கொண்டே இருந்தால் ஒட்டுவதற்கு நேரமில்லை, தோல் மட்டும் இளகித் துளை மூடிக்கொள்கிறது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சாட்சி யாரு மேடம்?"

"என் தம்பி."

"இங்க வேலை செய்யறாரா?"

"இல்ல சார். ஃபுட்பால் ரெஃப்ரி."

"அப்ப முடிவ மாத்த முடியாது," என்றார் முட்டுக்கட்டை. ஆனால் அவர் முட்டுக்கட்டை அல்லவா, ஒரு பேட்ச் போதாது, அடுத்தடுத்து மூன்று செய்து காட்டுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்தத் தடவை அவளுக்குக் கோபமே வரவில்லை. நாலு செய்கிறேன் என்றாள்.

நாலும் வந்தன. உருண்டைகளைக் கிளிப்பில் மாட்டி, உடம்புச் சூட்டில் சாயங்காலம்வரை ஆட்டி, அப்புறம்தான் குளிர்ந்த தண்ணீரில் அலசினாள். தோல் வழுவழுவென்று இருந்தது. முதல் நாள் சொட்டுச் சொட்டாக வந்த மருந்து மூன்றாம் நாளும் அப்படியே வந்தது. முதலாளியம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கண்சொட்டு மருந்துக்கு வேறு அறை பார்க்கச் சொன்னாள். ஆய்வகத்துச் சட்டமும் மாறியது. முட்டுக்கட்டை தன் பங்குக்கு, ஆய்வகத்துக்குள் ஃபோன் பேசக்கூடாது என்ற பழைய சட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஷேக்கர் தொட்டிக்கு நேர் மேலே ஒட்டினார். அவளைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார்.

மருந்து என்றால் உடனே கடைக்கு வந்துவிடுமா? எலி, முயல், நல்ல உடம்புக்காரர்கள், நோயாளிகள், அனுமதி என்று வருஷங்கள் ஓடின. அத்தனை நாளும் அவள் மத்தியானம் ஃபோன் செய்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வரும், பல்லைக் கடித்துக்கொள்வாள். முதல் வாரம் அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தான். இன்றைக்குப் போட்டேன் என்றான். இரண்டு நாள் விட்டபோது, விட்டுட்டேன்க்கா என்றான். அப்படி அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கத்தவில்லை. சரி, இப்ப போட்டுக்கோ என்றாள், அவ்வளவுதான். நடுவில் ஆஸ்பத்திரி ஒரு தடவையும் வரவில்லை.

ஊசி வந்த பிறகு, அவனுடைய டாக்டரே பார்த்து, சோதித்து, எழுதிக்கொடுத்தார். அக்கா செய்த மருந்து என்று அவன் டாக்டரிடம் மூச்சுவிடவில்லையாம். போட்டுக்கொண்ட மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா என்றாள். இல்லை என்றான். தூக்கம் தூக்கமாக வருகிறதா என்றாள். அரை இறுதி ஆட்டம் நடக்கிறது, தூங்குவதாவது என்றான். அதோடு பேச்சு நின்றுபோனது. இத்தனை வருஷம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்த மாத்திரை இப்போது இல்லை, அந்த இடத்தில் எதை வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்தில் பிள்ளைகளின் கூச்சல். பந்தை யாரோ உதைத்தார்கள். அப்புறம் காதைத் துளைக்கிற மாதிரி ஒரு நீண்ட விசில்.

"டேய்," என்றாள் அவள். "எனக்கு விசில் சத்தம் கேக்குது. எனக்குள்ளயா, அங்கயா?"

அவன் சிரித்த சிரிப்பு தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"நிஜம்தான்க்கா. நான்தான் ஊதினேன்."